ஹேண்டில் பாரை உயர்த்தினால் பழைய கேபிள் எட்டுமா?

கேள்வி சுருக்கமாக இது. வண்டி 2017 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. முன்னால் டிஸ்க், ஏபிஎஸ் இல்லை, கார்புரேட்டர் வண்டி. இடுப்பு வலி தாங்காமல், இரண்டு இன்ச் உயரம் கூடிய, ஒன்றரை இன்ச் பின்னால் வளைந்த ஹேண்டில் பார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார், எனக்கு எழுதிக் கேட்ட தம்பி ஒருவர். தெரிந்த மெக்கானிக், "புது கேபிள் எதுவும் வேண்டாம், அட்ஜஸ்டரை வெளியே திருகி விட்டால் எட்டிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அது சரியா, பிரேக் ஹோஸையும் (பிரேக் ஆயில் போகும் குழாய்) மாற்ற வேண்டுமா, மாற்றினால் ஏர் எடுப்பதை, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, வீட்டிலேயே செய்யலாமா, பழைய கிரிப்பை அறுக்காமல் கழற்ற வழி உண்டா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: அட்ஜஸ்டர் கதை தவறு. பழைய கேபிளே எட்டினாலும் எட்டலாம், ஆனால் அதற்கும் அட்ஜஸ்டருக்கும் சம்பந்தமில்லை. மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் டூ வீலர் பட்டறை வைத்திருந்தவன் நான். ஹேண்டில் பார் மாற்றியதால் கெட்டுப்போய் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த அட்ஜஸ்டர் வேலைதான்.

கேபிள் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு. உள்ளே ஓடும் கம்பி, அதை மூடியிருக்கும் உறை. லீவரைப் பிடித்தால் கம்பி இழுபடுகிறது, உறை இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அந்த முட்டு இல்லாவிட்டால் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் கேபிள் வளைவு நிமிருமே தவிர கிளட்ச் அசையாது. அட்ஜஸ்டர் செய்வது, உறை முட்டும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பது மட்டுமே. அதாவது உறை நீளமானது போல ஆகிறது, கம்பி அதே நீளத்தில் இருக்கிறது. அட்ஜஸ்டரை 10 மிமீ வெளியே திருகினால் உறைக்கு 10 மிமீ கிடைக்கும், ஆனால் அது கம்பியின் தளர்விலிருந்து, நாம் பிளே என்று சொல்கிறோமே அதிலிருந்து, பிடுங்கிக் கொடுத்த 10 மிமீ. கிளட்சில் பிளே இல்லாமல் போனால் பிளேட்டுகள் முழுசாகச் சேராது. வண்டி கத்தும், வேகம் எடுக்காது, சில நூறு கிலோமீட்டரிலேயே பிளேட் கருகின வாசனை வரும். எட்டாத கேபிளை எட்ட வைக்க வேண்டுமானால் உறையும் கம்பியும் ஒரே அளவு நீள வேண்டும். அதற்குப் புது கேபிள்தான்.

சரி, புது கேபிள் வேண்டுமா வேண்டாமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நிறைய பேர் வண்டியை சைடு ஸ்டாண்டில் போட்டு, ஹேண்டிலை நேராக வைத்து, "பாரு, எட்டுது" என்று முடித்துவிடுகிறார்கள். நேராக நிற்கிற வண்டியில் எல்லாமே எட்டும். ஒவ்வொரு லைனுக்கும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அதன் இரண்டு முனையும் எதில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது.

கிளட்ச் கேபிளின் ஒரு முனை ஹேண்டிலில் இருக்கிறது, மறுமுனை என்ஜினில். ஹேண்டில் திரும்பும், என்ஜின் திரும்பாது. ஆகவே ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப இரண்டு முனைக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிளும் அப்படியே. வலது கைப்பிடியில் ஆரம்பித்து கார்புரேட்டரில் முடிகிறது. ஹேண்டிலை இடது பக்கம் கடைசி வரை ஒடித்தால் வலது கைப்பிடி முன்னால் போய்விடும், கேபிள் இறுகும். கிளட்சுக்கு நேர்மாறாக, வலது பக்கம் ஒடிக்கும்போது இறுகும். பொதுவாகச் சொல்கிறேன், கேபிள் ஸ்டீயரிங் கழுத்தைச் சுற்றி எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் ஆகும். அதனால் இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிரேக் ஹோஸ் வேறு சாதி. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இல்லாததால், மேலே பிரேக் லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரும் (ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப்) கீழே டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரும் ஹேண்டிலோடு சேர்ந்தே திரும்புகின்றன. ஹோஸைப் பொறுத்தவரை லாக், அதாவது ஹேண்டிலைக் கடைசி வரை ஒடிப்பது, ஒரு பொருட்டே இல்லை. அதை இழுப்பது ஃபோர்க், முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள். காலிப்பர் ஃபோர்க்கின் கீழ்க் காலில் இருக்கிறது, சக்கரம் கீழே இறங்கினால் அதுவும் இறங்கும். கிளாசிக் ஃபோர்க்கின் ஓட்டம் 130 மிமீ. வண்டி தன் எடையில் நிற்கும்போது அதில் ஒரு பங்கு ஏற்கனவே அமுங்கியிருக்கும். வேகத்தடையில் ஏறித் துள்ளும்போது சக்கரம் தொங்கும், அந்த ஒரு நொடியில்தான் ஹோஸுக்கு முழு நீளமும் தேவைப்படும். சைடு ஸ்டாண்டில் அளந்த ஹோஸ் சரியாக அந்த அளவுக்குக் குறைந்து போயிருக்கும். ஆகவே சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்படி வைத்துவிட்டுத்தான் ஹோஸை அளக்க வேண்டும். பின் பிரேக் காலில் இருப்பதால் அதற்கு இந்த வேலையில் பங்கே இல்லை.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாம் ஏபிஎஸ் வண்டிகள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படி வண்டி இருந்தால், உங்கள் கணக்கு வேறு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஹோஸ் முதலில் சேசிஸில் இருக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குப் போகிறது, அங்கிருந்து இன்னொன்று காலிப்பருக்கு வருகிறது. மேல் ஹோஸுக்கு லாக் முக்கியம், கீழ் ஹோஸுக்கு ஃபோர்க் ஓட்டம் முக்கியம். ஹேண்டில் பார் உயர்ந்தால் மாற்ற வேண்டியது மேல் ஹோஸ் மட்டும்தான். நடுவில் இரும்புக் குழாய் இருந்தால் அதை வளைத்து நீளம் எடுக்கப் பார்க்காதீர்கள்.

இந்த மூன்று லைனில் எது ஆபத்தானது என்று கேட்டால் எல்லோரும் பிரேக் என்பார்கள். என்னைக் கேட்டால் ஆக்ஸிலேட்டர். பிரேக் ஹோஸ் குட்டையாக இருந்தால் பார்த்தாலே தெரியும், விறைத்துக்கொண்டு நிற்கும். ஆக்ஸிலேட்டர் கேபிள் டேங்குக்கு அடியில் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. பட்டறை ஆரம்பித்த புதிதில் என் சொந்த புல்லட்டுக்கு மாட்டுக் கொம்பு மாதிரி ஒரு ஹேண்டில் பார் போட்டேன். நேராக ஓட்டினால் சொர்க்கம். மறுநாள் ஒரு சந்தில் வண்டியை இடது பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பினேன். நான் கிரிப்பைத் திருகவே இல்லை, வண்டி தானாக ரேஸ் ஆகி முன்னால் பாய்ந்தது. பயத்தில் கை இறுகினால் கிரிப் இன்னும் திருகும், அதுவும் நடந்தது. எதிர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றேன். அங்கே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து உள்ளே போனதுதான் என் அதிர்ஷ்டம். கேபிள் அரை இன்ச் குறைவு, அவ்வளவுதான் தப்பு. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது, மாட்டியது நானேதான்.

இப்போது அளவு எடுப்போம். 2 இன்ச் உயரம் என்றால் சுமார் 50 மிமீ, ஒன்றரை இன்ச் பின்னால் என்றால் 40 மிமீக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பிடி சாய்வாக நகர்ந்திருக்கிறது, ஆகவே பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் 64 மிமீக்குள் வரும். அதாவது மிக மோசமான நிலையில் ஒவ்வொரு லைனுக்கும் இரண்டரை இன்ச் கூடுதலாக வேண்டும். நிஜத்தில் அவ்வளவு வேண்டியிருக்காது, ஏனென்றால் கம்பெனியே கொஞ்சம் தொங்கல் விட்டுத்தான் மாட்டியிருக்கும். அந்தத் தொங்கல் எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே காகிதக் கணக்கை நம்பாமல் மாட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய ஹேண்டில் பாரைக் கழற்றும் முன் போனில் நாலா பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எந்த கேபிள் எந்த கிளிப்புக்குள் போகிறது, எது எதற்கு முன்னால் போகிறது என்பது மாலையில் மறந்துவிடும். அப்புறம் டேங்கின் மேல் தடித்த போர்வை ஒன்றைப் போடுங்கள். புது பாரை கிளாம்பில் லேசாக இறுக்கி, கிளட்ச் லீவர், மாஸ்டர் சிலிண்டர், ஆக்ஸிலேட்டர் மூன்றையும் உத்தேசமாக அதனதன் இடத்தில் உட்கார வையுங்கள். எதையும் முழுசாக டைட் செய்ய வேண்டாம், துளை எதுவும் போட வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரைப் பழைய பாரிலிருந்து எடுத்து நகர்த்தும்போது தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள், ஹோஸில் தொங்கவும் விடாதீர்கள்.

இப்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடியுங்கள். கேபிளில் வளைவு மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். கடைசி லாக்கிலும் விரல் அழுத்தினால் கேபிள் லேசாக அசைந்து கொடுக்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி நின்றால் அது குட்டை.

குட்டையாக இருந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பாதையை மாற்றினால் பல சமயம் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் கிடைத்துவிடும். டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டை, சுற்றி வெளியே போகும் கேபிளை உள்பக்கமாக விடலாம், ஒரு கிளிப்பை விட்டு வெளியே எடுக்கலாம். இதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஸ்டீயரிங் கழுத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில் கேபிள் நசுங்கும் இடம் இருக்கக் கூடாது. இரண்டு, வளைவைக் கூட்டாதீர்கள். முரட்டுக் காளையின் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் சின்னப் பையன்கூட முனையைப் பிடித்து நிறுத்திவிடுவான் இல்லையா, அதே கதைதான் உறைக்குள் கம்பிக்கும். மொத்த வளைவு கூடக் கூட உராய்வு வேக வேகமாக ஏறும். குறுக்கு வழி என்று நினைத்து கேபிளை S மாதிரி வளைத்து விட்டால் கிளட்ச் கல்லு மாதிரி ஆகும், ஆக்ஸிலேட்டர் விட்டவுடன் திரும்பாது.

பாதை மாற்றியும் எட்டவில்லையா, புது நீளத்தை அளக்க வேண்டும். நூலை வைத்து அளப்பவர்கள் எப்போதும் ஏமாறுவார்கள். நூல் மூலைகளில் குறுக்கே பாயும், கேபிள் அப்படிப் பாயாது. குப்பையில் கிடக்கும் பழைய கேபிளின் உறை ஒன்றை எடுத்து, அசல் கேபிள் போகும் வழியில் விட்டு, கஷ்டமான லாக்கில் ஹேண்டிலை வைத்து, அதில் குறி போடுங்கள். கூட ஒரு இன்ச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நீளமான கேபிள் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. தொங்கும் வளையம் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டும். ஹேண்டிலைத் தாழ்த்துகிறவர்களுக்கு, கஃபே ரேசர் ஸ்டைலில் கிளிப் ஆன் போடுகிறவர்களுக்கு, இதுதான் தலைவலி: எட்டாத பிரச்சினை இல்லை, மிஞ்சின பிரச்சினை. அவர்களும் புது கேபிள்தான் போட வேண்டும், குட்டையாக.

கடையில் கேட்கும்போது "உயரமான ஹேண்டிலுக்கு கேபிள்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய கேபிளைக் கையோடு கொண்டு போங்கள். உறை எவ்வளவு கூடியிருக்கிறதோ, கம்பியும் அதே அளவு கூடியிருக்க வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு முனையிலும் கம்பியைப் பிடித்து நிற்கும் உலோகக் குண்டு, அதாவது நிப்பிள், உருளையா பேரிக்காய் வடிவமா, அதன் தடிமன், அட்ஜஸ்டரின் மரை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். சென்னை என்றால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலும் சுற்றினால் கிடைக்காதது குறைவு. நீளம் சொல்லிச் செய்து தரும் ஆட்களும் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்றைக் கவனியுங்கள்: கம்பியின் முனையை நிப்பிளுக்குள் விட்டு, இழைகளைப் பூ மாதிரி விரித்து, அதன் மேல்தான் ஈயம் ஊற்ற வேண்டும். விரிக்காமல் ஊற்றிய நிப்பிள் ஒருநாள் டிராஃபிக்கில் கழன்று உங்கள் கையோடு வரும். ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் நிப்பிள் வழியில் அறுந்தால் வீடு வந்து சேர்வதற்கு மட்டும். முன்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக்குக்கும் கேபிள்தான், அதில் இந்த ஒட்டு வேலை எதுவும் கூடவே கூடாது.

கிளட்ச் கேபிளை மாட்டும் வரிசை முக்கியம். லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே விட்டுவிடுங்கள். என்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரில் பெரிய அளவை எடுத்துவிட்டு, கடைசி ஒரு மில்லிமீட்டரை மேலே உள்ளதில் எடுங்கள். லீவருக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் நடுவில் 2 முதல் 3 மிமீ இடைவெளி வரும்வரை லீவர் சும்மா ஆட வேண்டும். மேல் அட்ஜஸ்டரில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும், கேபிளைச் சொருகுவதற்காக. வேலை முடிந்ததும் அந்த வெட்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி விடுங்கள், மழைத் தண்ணீர் இறங்காது. ஆக்ஸிலேட்டர் கிரிப்பின் விளிம்பில் 2 முதல் 6 மிமீ வரை சும்மா சுழலலாம். இரண்டு கேபிள் உள்ள வண்டியில், திறக்கும் கேபிள் மூடும் கேபிள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

பிரேக் ஹோஸுக்கு வருவோம். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது ஹோஸ் வளைவோடு இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். பிரேக் லைனைத் திறக்காமல் முடிகிற வேலைதான் நல்ல வேலை. எட்டவில்லை என்றால் ஒட்டு கிடையாது, இரண்டு ஹோஸை நடுவில் இணைப்பதும் கிடையாது. ஒரே துண்டாக நீளமான ஹோஸ் வாங்குங்கள். எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கலாம். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும், இது உப்பாது, லீவர் கெட்டியாகத் தெரியும். வாங்கும்போது நீளத்தோடு பேன்ஜோ முனையின் (போல்ட் நுழையும் வளைய முனை) கோணத்தையும் பாருங்கள். ஹேண்டில் உயர்ந்து பின்னால் வந்ததால் மாஸ்டர் சிலிண்டரின் வாய் இப்போது வேறு திசையைப் பார்க்கிறது. நேரான முனையை அதில் மாட்டினால் ஹோஸ் கழுத்து ஒடிந்தது மாதிரி வளையும்.

பேன்ஜோ போல்ட் தடிமன் பெரும்பாலும் 10 மிமீ, ஆனால் மரை இடைவெளி சிலவற்றில் 1.25, சிலவற்றில் 1.0. கையால் நாலு சுற்று சுலபமாகப் போகாத போல்ட்டை ஸ்பானர் போட்டுத் திருகினால் மாஸ்டர் சிலிண்டர் போச்சு, அது அலுமினியம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு செம்பு வாஷர், ஹோஸ் முனையின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. புது வாஷர்தான் போட வேண்டும். பழைய செம்பு வாஷரை சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும் என்பது உண்மைதான், நாங்களும் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாதபோது செய்திருக்கிறோம். சில ரூபாய் வாஷருக்காக அதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றுவது பைப் வேலைக்கு. இங்கே கசிவைத் தடுப்பது வாஷர், மரை இல்லை. டேப்பின் துணுக்கு உள்ளே போனால் துவாரத்தை அடைக்கும். முதலில் இரண்டு முனையையும் கையால் மட்டும் இறுக்கி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் தானாகப் படிய விட்டு, அப்புறம் டைட் செய்யுங்கள். பொதுவாக 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதே கடைசி வார்த்தை.

மாஸ்டர் சிலிண்டரின் கிளாம்பில் அம்புக்குறியோ மேல் என்ற எழுத்தோ இருந்தால் அது மேல்நோக்கி வர வேண்டும். மேல் போல்ட்டை முதலில் முழுசாக இறுக்கிவிட்டு, கீழ் போல்ட்டில் இடைவெளி விட்டு இறுக்குவது பல வண்டிகளில் முறை. நீங்கள் உட்கார்ந்து கையை நீட்டும்போது மணிக்கட்டு மடங்காமல் விரல் லீவரில் படும்படி கோணத்தை வையுங்கள். அதே சமயம் ஹேண்டில் நேராக இருக்கும்போது ஆயில் டப்பா ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும்.

ஏர் எடுப்பதை வீட்டில் செய்யலாமா? செய்யலாம், பொறுமை இருந்தால். ஆயில் டப்பாவின் மூடியில் என்ன டாட் (DOT, பிரேக் ஆயிலின் தர எண்) எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், உங்கள் வண்டிக்கு டாட் 4. சீல் உடைக்காத சின்ன பாட்டில் போதும். போன வருடம் திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது அந்த வித்தியாசம் தெரியும். டாட் 5 என்பது சிலிக்கான், பெயர் பக்கத்தில் இருப்பதால் இதோடு கலக்கக் கூடாது. ஆயில் பெயின்டைத் தின்னும், ஆனால் தண்ணீரில் கரையும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வையுங்கள். டேங்கில் சொட்டினால் துடைக்காதீர்கள், தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

காலிப்பரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகு முனைக்கும் நிப்பிள் என்றுதான் பெயர். அதில் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். லீவரை மூன்று நாலு தடவை மெதுவாக அடித்து, பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்று அதே வழியாகத் திரும்ப வரும். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை மேலே டப்பாவைப் பாருங்கள், அது வற்றினால் ஆரம்பத்திலிருந்து மறுபடி. ஆனால் புது ஹோஸ் முழுக்கக் காலியாக இருக்கும்போது இந்த முறையில் கை வலித்துவிடும். மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, கீழே நிப்பிள் வழியாக ஆயிலை மேல்நோக்கித் தள்ளுங்கள். காற்று மேலே போகத்தானே விரும்புகிறது, அதன் போக்கிலேயே விடுவது சுலபம். மேலே டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் செய்தும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? உயர்த்திய ஹேண்டிலில் காற்று ஒளிந்துகொள்ளும் இடம் காலிப்பர் அல்ல, மேலே மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய பேன்ஜோ. லைனில் அதுதான் உச்சி. துணியைச் சுற்றி, லீவரைப் பிடித்துக்கொண்டு, அந்த போல்ட்டை ஒரு மயிரிழை தளர்த்தி உடனே இறுக்கினால் புஸ்ஸென்று வரும். அதிலும் மிச்சம் இருந்தால் லீவரை ரப்பர் பேண்டால் கிரிப்போடு கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அவிழ்த்து நாலு தடவை மெதுவாக அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏபிஎஸ் வண்டியில் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் மட்டும் இந்த வித்தை எல்லாம் எடுபடாமல் போகலாம், சிலவற்றுக்கு ஸ்கேனர் போட்டு பெட்டியை ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வயர்களை மறக்காதீர்கள். இரண்டு பக்கத்து சுவிட்ச் வயரும் டூமுக்குள்ளிருந்து வருகிறது, முன் பிரேக் லைட் வயரும் கூட. லாக்கில் இழுபட்டால் உள்ளே சாக்கெட் கழலும், அல்லது வயர் உறைக்குள்ளேயே அறுந்துபோகும். நீட்டும்போது அதே தடிமன் வயர், பற்றவைப்பு, மேலே சுருங்கும் டியூப். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் முதல் மழைக்குத் தெரியும். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், ஹேண்டில் பாரின் துளையில் உட்காருவதற்கு. புது பாரில் துளை இல்லையென்றால் எல்லாம் இறுதியான பிறகு இடம் பார்த்துப் போடுங்கள். முளையைத் தேய்த்து எடுத்துவிடுவது சோம்பேறி வேலை. பெட்டி பாரில் சுழல ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டர் கேபிளையும் சேர்த்து இழுக்கும்.

ஓட்டும் முன் சோதனை. முன் சக்கரம் தொங்கிய நிலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டு, நியூட்ரலில், ஹேண்டிலை ஒரு லாக்கிலிருந்து இன்னொரு லாக்குக்கு மெதுவாகக் கொண்டு போங்கள். சத்தம் துளிகூட ஏறக் கூடாது. ஏறினால் வண்டி வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு லாக்கிலும் ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டால் டக்கென்று தானாகத் திரும்ப வேண்டும். இரண்டு லாக்கிலும் கிளட்ச் லீவரில் அந்த 2 மிமீ பிளே இருக்கிறதா என்று பாருங்கள், நேராக வைத்து மட்டும் பார்க்காதீர்கள். பிரேக் லீவரை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே இருங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ கசிகிறது. வாஷர் ஓரங்களில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். பிரேக்கை விட்டதும் சக்கரம் கையால் சுழல வேண்டும். அப்புறம் தெருவில் நடை வேகத்தில் நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு மெயின் ரோட்டுக்குப் போகலாம். புது கேபிள் முதல் வாரத்தில் கொஞ்சம் உட்காரும், பிளே கூடும், அப்போது மேல் அட்ஜஸ்டரை ஒரு சுற்று தொட்டால் போதும். அதற்காகத்தான் அந்த அட்ஜஸ்டரைக் கொடுத்திருக்கிறார்கள்.

கிரிப் கேள்வி மிச்சம். அறுக்க வேண்டாம். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை கிரிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு இன்ச் விட்டு, சோப்புத் தண்ணீரை உள்ளே பீய்ச்சி, சுழற்றிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். பஞ்சர் கடைக்காரரின் காற்றுக் குழாயை விளிம்பில் வைத்தால் இன்னும் சுலபம். திரும்ப மாட்டும்போது சோப்போ எண்ணெயோ வேண்டாம், நாள் கணக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். குழாயைத் துடைத்து உலர்த்தி, கிரிப்புக்கான பசையைத் தடவி ஒரே மூச்சில் தள்ளிவிட்டு, ஒரு ராத்திரி காய விடுங்கள். வலது கிரிப் பிளாஸ்டிக் குழாயின் மேல் உட்காருகிறது, அதன் ஓரம் சுவிட்ச் பெட்டியில் உரசாமல் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள்.